சொன்ன பெயருக்கு உரிய கோழி: ஊதியூர்ச் சாலைக் கோழிக்கடை

போன தை மாதம் ஒரு காதுகுத்து வீட்டுக்கு முப்பத்தைந்து பேருக்குச் சமைத்துக் கொடுத்தேன். நாட்டுக்கோழிக் குழம்பு, கோழிச்சாறு, வறுவல் என்று ஆர்டர். பந்தி முடிந்து கை கழுவ வந்த பெரியவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “அம்மிணி, கொழம்பு நல்லா இருந்துது. ஆனா இதை நாட்டுக்கோழின்னு சொல்லாத கண்ணு. இது நாட்டுக்கோழி இல்லை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

வீட்டிலிருந்து ஆர்டர் எடுத்துச் சமைக்க ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. அன்றைக்கு வாங்கிய கோழிக்கு நாட்டுக்கோழி விலைதான் கொடுத்திருந்தேன். மறுநாள் அந்தக் கடைக்குப் போய்க் கேட்டால், “ரெக்கை கலரா இருந்தா நாட்டுக்கோழிதானுங்க அக்கா” என்றார் கடைக்காரர். அவரைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். வெள்ளையாக இருந்தால் பிராய்லர், மற்றதெல்லாம் நாட்டுக்கோழி. நானும் ஒன்பது வருடமாக அதைக் கேட்காமலே வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

அப்புறம் நாலைந்து இடம் அலைந்து கண்டுபிடித்த கடையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். காங்கேயத்தில் இருந்து தாராபுரம் போகிற சாலையில், ஊதியூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை. பலகையில் ‘கோழிக்கடை’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. சாமி பெயர், ஆள் பெயர் எதுவும் கிடையாது. கீழே ஒரு போன் நம்பர், அவ்வளவுதான்.

முதல் நாள் போனதும் “நாட்டுக்கோழி ஆறு வேணுங்க அண்ணா” என்றேன். அவர் எழுந்து வந்து, “அது எல்லாருஞ் சொல்ற பேருங்க. சாறுக்கா, கொழம்புக்கா, வறுவலுக்கா? வெடையா, முட்டை போட்ட கோழியா, சேவலா? அதைச் சொல்லுங்க, புடிச்சுத் தர்றேன்” என்றார். கோழிக்கடையில் என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. எங்கள் அப்பத்தா கேட்பார். விருந்தாளி வந்தால் முற்றத்தில் நின்று, ‘எதுக்கு, சாறுக்கா கொழம்புக்கா’ என்று கேட்டுவிட்டுத்தான் கோழி அடைத்து வைக்கிற கொடாப்பைத் தூக்குவார்.

கடையில் வரிசையாக ஆறு கூண்டு. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டு தொங்குகிறது. சாக்பீஸில் சிறுவெடை, பெருவெடை, அசில் கிராஸ், கிராமப்பிரியா, கருங்கோழி, வான்கோழி என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே வாரக்கணக்கில் வயது. நான் இந்தக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போவது இந்தச் சிலேட்டுகளுக்காகத்தான்.

நாட்டுக்கோழி என்ற சொல்லையே கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை. கோழி என்றால் கோழிதான். ஊரில் ஒருவர் வெள்ளைவெளேர் என்று முட்டைக்கோழி வாங்கி வந்து வளர்த்தார். அதை லக்கான் கோழி என்றார்கள். லக்கான் வந்த பிறகுதான் எங்கள் முற்றத்தில் மேய்ந்தவற்றுக்கு ஒரு அடைமொழி தேவைப்பட்டது. முதலில் ‘நம்ம கோழி’ என்றார்கள், அப்புறம் ‘நாட்டுக்கோழி’. நாட்டுச்சர்க்கரை, நாட்டுத்தக்காளி எல்லாம் இதே கதைதான். வெளியில் இருந்து ஒன்று வந்து உட்கார்ந்ததும், ஏற்கெனவே இருந்தது ‘நாட்டு’ ஆகிவிடுகிறது. லக்கான் என்ற பெயரும் நெடுந்தூரம் நடந்து வந்த பெயர். இத்தாலியில் லிவோர்னோ என்று ஒரு துறைமுகம். அதை ஆங்கிலேயர்கள் லெகார்ன் என்றார்கள். அங்கிருந்து கப்பலேறிய கோழிக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. எங்கள் ஊர் வாயில் அது லக்கான்.

பிராய்லர் என்ற பெயர் எனக்கு எப்போதும் சங்கடம். நெருப்பில் வாட்டிச் சமைப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள வினையில் இருந்து வந்த பெயர் அது. முட்டையை விட்டு வெளியே வரும்போதே அந்தக் குஞ்சுக்கு அடுப்பைச் சொல்லிப் பெயர் வைத்தாகிவிட்டது. லேயர் என்றால் முட்டை இடுவது. தமிழ்ப் பேப்பரில் கறிக்கோழி, முட்டைக்கோழி என்று போடுகிறார்கள். பல்லடம் கறிக்கோழி விலை, நாமக்கல் முட்டை விலை என்று தினமும் பார்க்கிறோமே, அவைதான். நல்ல தமிழ்தான், ஆனாலும் அந்தப் பெயர்களும் கோழியை அது தருவதை வைத்தே கூப்பிடுகின்றன. வீட்டில் கோழி வளர்த்தவர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள். குஞ்சு, முட்டை வைக்கப் போகிற வெடை, முட்டையிடும் பெட்டை, அடைக்கு உட்கார்ந்தால் அடைக்கோழி, குஞ்சோடு திரிந்தால் தாய்க்கோழி, ஆண் என்றால் சேவல். ஒரு உயிர் பிறந்து வளர்ந்து பிள்ளை பெறுகிற வரிசை அப்படியே அந்தப் பெயர்களில் இருக்கிறது. இந்தக் கடைக்காரர் வயதைச் சிலேட்டில் எழுதி வைப்பதை நான் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் பார்க்கிறேன்.

சரி, கூண்டுகளுக்கு வருகிறேன்.

சிறுவெடைதான் எங்கள் அப்பத்தா வீட்டுக் கோழி. சின்ன உடம்பு, குட்டைக் கால், நன்றாக அடை காக்கும். எழுத்தில் சிறுவிடை என்று எழுதுவார்கள். குழம்புக்கும் சாறுக்கும் இதற்கு மேல் ஒன்று இல்லை. கறி மெதுவாக வேகும். மண்சட்டியில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அந்த நேரத்தில்தான் சாறு இறங்கும். பெருவெடை உயரம், கழுத்து நீளம், எலும்பு கனம். சண்டைச் சேவல் வருவது இந்த வழியில்தான். வறுவலுக்கு நன்றாக இருக்கும். அசில் என்கிற சண்டைக்கோழி இனத்தோடு வேறு கோழியைக் கலந்த அசில் கிராஸ்தான் இப்போது நாட்டுக்கோழி என்ற பெயரில் பெரும்பாலும் கிடைப்பது. காதுகுத்து வீட்டில் நான் சமைத்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அசில் என்பது அரபியில் இருந்து வந்த சொல், ‘கலப்பில்லாத மூலம்’ என்று பொருள். அதோடு கிராஸ் என்பதைச் சேர்த்தால் கலப்பில்லாததன் கலப்பு என்று ஆகிறது. சொல்லிப் பார்த்தாலே இடிக்கிறது. ஆனால் இந்தக் கடையில் அந்தக் கூண்டின் மேல் அசில் கிராஸ் என்றுதான் எழுதியிருக்கிறது, விலையும் அதற்கு ஏற்ற விலைதான். வேறு பெயர் சொல்லி விற்பதில்லை.

கிராமப்பிரியாவும் வனராஜாவும் ஐதராபாத்தில் இருக்கிற மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கினவை. புறக்கடையில் வளர்க்க, கலர் இறகோடு. கிராமப்பிரியா நிறைய முட்டைக்காக, வனராஜா முட்டைக்கும் கறிக்கும். வீட்டில் வளர்க்கிறவர்களுக்கு நல்ல கோழிகள். என் தங்கை பத்து கிராமப்பிரியா வைத்திருக்கிறாள், முட்டைக்கு அவள் கடைக்குப் போவதே இல்லை. கோழியில் ஒரு குறையும் இல்லை. அதைச் சிறுவெடை என்று சொல்லி விற்கிறவரிடம்தான் குறை.

கருங்கோழி மத்தியப் பிரதேசத்தில் ஜாபுவா பக்கத்துக் கடக்நாத். அதன் கறிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கறி, எலும்பு எல்லாம் கருப்பாக இருக்கும். இங்கே இருப்பதில் சில கலப்பு. அவரே சிலேட்டில் ‘கலப்பும் உண்டு’ என்று எழுதியிருக்கிறார். இந்தக் கூண்டில் எனக்கு ஒரு வருத்தம். பக்கத்தில் ‘சர்க்கரை நோய்க்கு நல்லது’ என்று ஒரு அச்சடித்த தாள் ஒட்டியிருக்கிறது. கோழியின் பெயரில் இவ்வளவு கவனமாக இருக்கிற மனிதர் அந்தத் தாளை எடுத்துவிட வேண்டும். அவரிடமும் சொன்னேன். மொத்த வியாபாரி கொடுத்தது என்றார். இதுவரை எடுக்கவில்லை.

வான்கோழி கூண்டும் அதற்குப் போதாது, இறக்கையை விரிக்க இடமில்லை. இதையும் சொன்னேன். அடுத்த முறை போனபோது அதை வேப்பமரத்தில் நீளக் கயிறு போட்டுக் கட்டி மேய விட்டிருந்தார். வான்கோழி அமெரிக்காவில் பிறந்த பறவை. பல நாடுகளில் அதற்கு அதன் சொந்த ஊர்ப் பெயர் இல்லை. ஆங்கிலத்தில் துருக்கியின் பெயர், துருக்கியில் ‘ஹிந்தி’ என்று நம் நாட்டுப் பெயர், டச்சுக்காரர்களிடம் ‘கல்கூன்’. அந்தக் கல்கூன் நம் பக்கத்துக் கள்ளிக்கோட்டையில் இருந்து வந்த பெயர். கள்ளிக்கோட்டைக்கு மலையாளத்தில் கோழிக்கோடு. சுற்றிச் சுற்றி வந்து மறுபடியும் கோழியிடமே நிற்கிறது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது என் மகள். பி.ஏ. தமிழ் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இரண்டாவது முறை கடைக்குப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். சிலேட்டுகளைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். “அம்மா, தொல்காப்பியத்துல மரபியல்னு ஒண்ணு இருக்கு. எந்தப் பிராணிக்கு என்ன பேரு சொல்லணும்னு அதுல இருக்கு” என்றாள். சேவல் என்ற பெயர் கோழிக்கு மட்டும் உரியதில்லையாம், இறக்கை உள்ள எந்தப் பறவையின் ஆணுக்கும் சொல்லலாம், மயிலைத் தவிர. பெண்ணுக்கு அளகு என்று ஒரு சொல். அது கோழிக்கும் கூகைக்கும் மட்டும். பறவைக்குஞ்சுக்குப் பார்ப்பு, பிள்ளை என்று பெயர். கடைக்கார அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டார். “அளகு” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். கோழி என்ற சொல் தமிழுக்கு மட்டுமா என்று கேட்டார். மலையாளத்திலும் கோழி, கன்னடத்தில் கோளி, தெலுங்கில் கோடி என்றாள் மகள். “கர்நாடகத்துல இருந்து வர்ற டிரைவர் கோளின்னுதான் சொல்லுவான், அவனுக்கு ழ வராதுன்னு நெனச்சேன்” என்றார் அவர்.

அன்றைக்கு நேரமாகிவிட்டது. இருட்டுகிற சமயம். கடைக்குப் பின்னால் அவர் வீட்டுக் கோழி ஒன்று, விற்பனைக்கு இல்லாதது, எட்டுக் குஞ்சுகளோடு குப்பைமேட்டில் கிளறிக்கொண்டு இருந்தது. வேலி ஓரமாக ஒரு பூனை வந்து நின்றது. தாய்க்கோழி கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு குரலை மாற்றியது. இரை கண்டால் கூப்பிடுகிற கொக்கொக் வேறு, இது வேறு, அடித்தொண்டையில் இருந்து வந்தது. குஞ்சுகள் இந்தப் பக்கம் ஓடி, அந்தப் பக்கம் ஓடி, எங்கே நுழைவது என்று தெரியாமல் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. கோழி விடாமல் கூப்பிட்டது. கடைசியில் ஒவ்வொன்றாக இறக்கைக்குள் போய் ஒளிந்தன. ஒரு குஞ்சின் கால் மட்டும் வெளியே தெரிந்தது.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் இதே காட்சியைப் பாடியிருக்கிறார் என்றாள். மாலை நேரம், வேலியில் வெருகு என்கிற காட்டுப்பூனை, புகுமிடம் தெரியாமல் கூடி நிற்கும் பிள்ளைகள், அவற்றைக் கூப்பிடுகிற தாய். அந்தக் கோழிக்கு அவர் தருகிற பெயர் ‘மனையுறை கோழி’. வீட்டில் தங்குகிற கோழி. குறுங்கால் பேடை என்றும் சொல்கிறாராம். குட்டைக் கால் என்றதும் எனக்கு முன்கூண்டில் இருந்த சிறுவெடைதான் கண்ணில் வந்தது.

மனையுறை கோழி என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போன சொல். வளர்ப்புப் பறவை என்று சொன்னால் வளர்க்கிறவர்தான் முன்னால் நிற்கிறார். மனையுறை கோழி என்றால் கோழிதான் தங்குகிறது, வீட்டில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. உண்மையில் நடந்ததும் கிட்டத்தட்ட அப்படித்தான் போல. 2022-இல் வெளிவந்த ஆய்வில், நிச்சயமாக வீட்டுக்கோழி என்று சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தில் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை, கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டவை என்று சொன்னார்கள். நெல்லும் தினையும் விளைந்த இடத்துக்குக் காட்டுக்கோழி தானியம் தேடி வந்தது, வந்தது அங்கேயே தங்கிவிட்டது என்பது அவர்கள் கருத்து. களத்துமேட்டில் கோழி விரட்டியவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

சுத்தம் செய்வதைச் சொல்லாமல் விடக் கூடாது. இறகு பிடுங்கிய பிறகு கோழியைத் தென்னம்பாளை நெருப்பில் வாட்டுகிறார். கேஸ் பர்னர் வைத்திருக்கிறார், அவசரக்காரர்களுக்கு மட்டும்தான் அது. நெருப்பில் திருப்பித் திருப்பிக் காட்டும்போது பூமயிர் பொசுங்கித் தோல் இறுகிப் பளபளக்கும். அப்புறம் மஞ்சளைப் பூசி, அழுத்தித் தேய்த்து, தண்ணீரில் அலசி, மறுபடியும் ஒரு வாட்டு. தோலை உரித்துத் தரச் சொன்னால் தருவார், ஆனால் முகம் வாடிவிடும். குழம்பில் மிதக்கிற அந்த மஞ்சள் நெய் தோலோடுதான் வரும். வாட்டுவதற்கு முன்பே சில கோழிகளுக்குக் காலும் தோலும் மஞ்சளாகத்தான் இருக்கும். கோழிக்கு மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்றாலும், இந்த மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடம் இருந்து கலந்தது என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவில் மட்டும் இருக்கிற பறவை, எங்களுக்கு உடுமலைக்கு மேலே ஆனைமலைக் காட்டில் இருக்கிறது. உலகம் முழுக்க மஞ்சள் காலோடு திரிகிற கோழிகளில் நம் பக்கத்துக் காட்டின் அடையாளம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்த நாளில் இருந்து, கோழிக்காலைக் கழுவும்போது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் சட்டியில் போடுகிறேன்.

விலை. நான் கடைசியாக வாங்கியபோது சிறுவெடை உயிர் எடை கிலோ 500 ரூபாய், பெருவெடை 450, அசில் கிராஸ் 280. வாட்டிச் சுத்தம் செய்ய ஒரு கோழிக்கு 40 ரூபாய். ஒன்றேகால் கிலோ சிறுவெடையில் கறி எண்ணூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். தராசு நம் கண்ணுக்கு நேராக இருக்கிறது. கால் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டுத்தான் எடை போடுகிறார். கூண்டில் தண்ணீர் எப்போதும் இருக்கிறது, அடியில் சாக்கு மாற்றியிருக்கிறார். ஜிபே உண்டு.

சிரமங்களும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே கூட்டம், பத்து மணிக்கெல்லாம் சிறுவெடை தீர்ந்துவிடும். காத்திருக்க வேப்பமர நிழல் மட்டும்தான், வயதானவர்களுக்கு உட்கார ஒரு பெஞ்சு போட்டால் நன்றாக இருக்கும். ஒரு நாள் முன்னாலேயே போன் செய்து சொல்லி வைக்க வேண்டும். நாட்டு முட்டை சில வாரம் கிடைக்கும், சில வாரம் ஒன்றுகூட இருக்காது. அடைக்கு வைத்துவிட்டேன் என்பார். ஒரு முறை எனக்கு எட்டு வெடை தேவைப்பட்டது, அவரிடம் ஐந்துதான் இருந்தது. மீதி மூன்றுக்கு அசில் கிராஸ் போட்டுத் தரட்டுமா என்று அவர் கேட்கவே இல்லை. “அஞ்சுதான் இருக்குதுங்க அக்கா” என்று நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, சாறின் அளவைக் குறைத்தேன். ஆர்டர் கொடுத்தவர்களிடம் காரணத்தையும் சொன்னேன்.

இப்போது என் மெனுத் தாளில் நாட்டுக்கோழிக் குழம்பு என்ற வரியை எடுத்துவிட்டேன். சிறுவெடைக் குழம்பு ஒரு விலை, அசில் கிராஸ் குழம்பு ஒரு விலை என்று இரண்டு வரி. போனில் கேட்கிறவர்களில் பாதிப் பேர் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்கிறார்கள். ஐந்து நிமிடம் சொல்கிறேன். அசில் கிராஸ் போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் நல்லதுதான். தெரிந்து கேட்கிறார்கள்.

காதுகுத்து வீட்டுப் பெரியவர் வீட்டில் வருகிற மாதம் ஒரு விசேஷம். எனக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு சிறுவெடை வேண்டும் என்று பத்து நாள் முன்பே கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணன் ஒரு சிலேட்டை எடுத்து, என் பெயரும் தேதியும் எழுதி, பன்னிரண்டு என்று போட்டுவிட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘அளகு’ என்று எழுதித் தொங்கவிட்டார்.